கடிக்கும் பொடிக்கொசுக்கள்: எது எந்த இனம் என்று பிரித்தே ஆக வேண்டுமா?

#1 வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. மழை பிடித்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோய் வந்ததாகச் செய்திகள் வரத் தொடங்கும். "கொசுக்களால் பரவுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பரப்புவது நம் வீட்டுக் கொசு இல்லை. நாம் பொடிக்கொசு என்று சொல்லும், ஒன்றிரண்டு மில்லிமீட்டரே நீளமுள்ள செரட்டோபோகோனிடே குடும்பத்துப் பூச்சி அது. அதிலும் கியூலிகாய்ட்ஸ் என்ற ஒரு பேரினம்தான் இந்த வேலையைச் செய்கிறது.

நான் முதுகலை விலங்கியல் மாணவி. ஒரு மாட்டுத் தொழுவத்தில் விளக்குப்பொறி வைத்து, விழுவதைச் சாராயத்தில் போட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பேரினம் வரை வந்துவிடுகிறேன், அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சிக்கல். ஒரு கட்டுரையில் ஷுல்ட்ஸி என்ற இனமாக இருப்பது இன்னொன்றில் ஆக்ஸிஸ்டோமா என்று இருக்கிறது. துணைப்பேரினத்தையும் ஒருவர் ரெம்மியா என்கிறார், இன்னொருவர் ஓயிகாக்டா என்கிறார்.

இந்தக் குடும்பத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். இறகையும் உணர்கொம்பையும் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொள்வது இனியும் பயனுள்ளதா, அல்லது நேராக மரபணுவுக்குப் போய்விடலாமா?

#2 சிறகுநரம்பு

நல்ல கேள்வி தங்கச்சி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஈக்களும் கொசுக்களும் அடங்கிய இருசிறகி வரிசையில், கொசுவின் தூரத்து உறவுக்காரக் குடும்பம் இது. மிக நெருங்கிய உறவு என்றால் கடிக்காத கைரோனோமிடே குடும்பம். மழைக்காலத்தில் தெருவிளக்கடியில் குவிந்து செத்துக் கிடக்குமே, அதுதான். இருவரையும் வெகுகாலம் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பைப் பார்த்து கீஃபர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1910ல் எழுதிய ஆய்வுக்கும் கைரோனோமிட்கள் என்றுதான் தலைப்பு. நம் ஊரில் இன்று அதிகம் பேசப்படும் ஆக்ஸிஸ்டோமா, பெரிக்ரினஸ் இரண்டுக்கும் அதில்தான் பெயர் வைத்தார். 1917ல் மாலோக் என்ற பூச்சியியலாளர் இவற்றைத் தனிக் குடும்பமாக எடுத்துவைத்தார்.

இரண்டையும் நீங்களே பிரிக்கலாம். கைரோனோமிடேயின் முன்கால் நீளம், அதற்குக் கடிக்கும் வாய் கிடையாது. நம்முடையதற்கு வாய் குட்டை, ஆனால் உள்ளே பல் வைத்த தாடைகள் உண்டு. தோலை அறுத்து, ஊறும் இரத்தத்தை உறிஞ்சும். உட்காரும்போது இறகுகளைக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக முதுகில் மடித்துவைக்கும். இறகின் நடு நரம்பு இரண்டாகக் கிளைத்திருப்பது உறுதியான அடையாளம்.

இன்று உயிரோடு இருப்பவை நான்கு துணைக்குடும்பங்கள். அளவில் பெரியது செரட்டோபோகோனினே. கியூலிகாய்ட்ஸ் இதில்தான் வருகிறது, கூடவே பிற பூச்சிகளை வேட்டையாடும் ஏராளமான பேரினங்களும். இவற்றின் புழு கால் இல்லாமல் பாம்பு போல நெளிந்து நீந்தும். ஃபார்சிபோமயினே வேறு மாதிரி. அதன் புழுவுக்குப் பொய்க்கால்கள் உண்டு, ஈரப் பாசியிலும் மரப்பட்டையிலும் ஊர்ந்து வாழும். டேசிஹீலினேயில் ஒரே பேரினம், அறுநூறுக்கு மேல் இனங்கள், ஒன்றுகூடக் கடிக்காது, தேன் குடித்துப் பிழைப்பவை. நான்காவது லெப்டோகொனாபினே, குடும்ப மரத்தில் முதலில் பிரிந்த பழங்கிளை. லெப்டோகொனாப்ஸ் பகலில் கடிக்கும், கடற்கரை மணலில் வளரும்.

மொத்தம் 6,200ஐ ஒட்டிய இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்கள். அவற்றில் முதுகெலும்புள்ள விலங்குகளின் இரத்தம் குடிப்பவை நான்கே நான்கு: கியூலிகாய்ட்ஸ், லெப்டோகொனாப்ஸ், ஆஸ்ட்ரோகொனாப்ஸ், பிறகு ஃபார்சிபோமயியாவில் லாசியோஹீலியா என்ற துணைப்பேரினம். மற்ற எல்லாப் பேரினங்களும் மனிதனையும் மாட்டையும் சீண்டுவதே இல்லை.

#3 கிடைக்காரன்

அண்ணே, படித்தேன். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செம்மறி. அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவோம். நீலநாக்கு வந்தால் வாய் வீங்கி, நுரை தள்ளி, குளம்பு நொந்து ஆடு நடக்காமல் படுத்துவிடும். பக்கத்து ஊரில் ஒருவர் பாதி மந்தையை இழந்தார். அவரிடம் போய் இது இமிகோலா, அது ஆக்ஸிஸ்டோமா என்று சொன்னால் என்ன பயன்? எல்லாம் பொடிக்கொசுதான். மருந்து அடித்தால் எல்லாம் சாகாதா?

#4 மேய்ச்சல்நிலம்

கிடைக்காரன் தம்பி, நான் கால்நடை மருத்துவர். உங்கள் கேள்வியில் தப்பே இல்லை, ஆனால் பதில் இனப் பெயரில்தான் இருக்கிறது.

மருந்து எங்கே அடிப்பீர்கள்? பூச்சி வளரும் இடத்தில்தானே. அந்த இடம் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து தென்னாசியா வரை பரவியிருக்கும் இமிகோலா, சாணம் கலந்த ஈர மண்ணில் வளரும். தண்ணீர் தேங்கினால் அதற்கு ஆகாது. அதன் கூட்டுப்புழு மிதக்காமல் மூழ்கிச் செத்துவிடும். தொட்டி நிரம்பி வழிந்து எப்போதும் நசநசவென்று இருக்கும் தரை அதற்குப் பிடித்த இடம். ஆக்ஸிஸ்டோமாவுக்குக் குளக்கரைச் சேறும் வயல் ஓரமும் போதும். ஆஸ்திரேலியாவில் பிரெவிடார்சிஸ் என்று இமிகோலாவின் சகோதர இனம் ஒன்று உண்டு. இறகைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அது மண்ணைத் தொடாது, மாடு போட்ட சாணத்திலேயே முட்டையிடும். ஒன்றுக்குத் தொட்டிக் கசிவை அடைக்க வேண்டும், இன்னொன்றுக்குச் சாணியை அள்ள வேண்டும். தவறான இனத்தை மனதில் வைத்து வேலை செய்தால் கூலியும் மருந்தும் வீண்.

இந்தியாவில் நீலநாக்கு முதலில் பதிவானது 1964ல், மகாராட்டிரத்தில். தமிழ்நாட்டில் 1997–98ல் வந்தது மிகக் கடுமையானது, ஏராளமான செம்மறிகள் இறந்தன. வடகிழக்குப் பருவமழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அப்போதே தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எந்தக் கியூலிகாய்ட்ஸ் இங்கே முதன்மைக் குற்றவாளி என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. இமிகோலா, ஆக்ஸிஸ்டோமா, பெரிக்ரினஸ் மூன்றும் வரிசையில் நிற்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு பூச்சியின் வயிற்றில் நீலநாக்கு வைரஸ் கிடைத்தாலே அது பரப்பும் இனம் என்று எழுதிவிடக் கூடாது. நோயுள்ள ஆட்டைக் கடித்த எந்தப் பூச்சியிலும் வைரஸ் கிடைக்கும். அது குடலைத் தாண்டி, உடலுக்குள் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். வெப்பத்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். இந்தக் கதவுகள் சில இனங்களில் திறக்கும், பலவற்றில் திறக்கவே திறக்காது. ஆகவே எந்த இனம் என்ற கேள்வியைத் தாண்டி எங்கேயும் போக முடியாது.

#5 மூடுபனி

நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலத்தில் இருக்கிறேன். இந்த ஊரில் கோடை என்றாலே இம்பங்டேட்டஸ் என்ற இனம்தான். புளிப்புத்தன்மையுள்ள கரிச்சேற்று நிலத்தில் வளரும். அந்தியில் காற்று நின்றால் வெளியில் நிற்க ஏலாது. வலைத்தொப்பி போட்டுத்தான் தோட்ட வேலை. இங்கத்தைய ஆக்கள் சொல்லுவது, முதல் தடவை முட்டையிட அதுக்கு இரத்தமே தேவையில்லையாம், புழுவாக இருக்கும்போது சேர்த்த சத்தே போதுமாம். உண்மையோ? இரத்தம் கிடைக்காவிட்டாலும் தொகை குறையாமல் இருப்பதற்கு அதுதான் காரணமோ?

இவ்வளவு கடித்தும் இது ஆடு மாடுகளுக்குப் பெரிய நோய் கொண்டு வருவதாக இங்கே ஒருவரும் பயப்படுவதில்லை. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

#6 சிறகுநரம்பு

மூடுபனி, உண்மைதான். முதல் ஈட்டு முட்டைகள் இரத்தமில்லாமலே வரும், அடுத்ததற்குத்தான் கடி. ஆளில்லாத மலையிலும் அது பெருகிக்கொண்டே இருக்க அது பெரிய காரணம். நோய் விஷயத்தில் டாக்டர் சொன்ன கதவுகள்தான் பதில். கூட்டம் கூட்டமாகக் கடிக்கும் இனம் நோயைக் கடத்தாமல் போகலாம், பொறியில் சொற்பமாக விழும் இனம் கடத்தலாம்.

ஐரோப்பா இதை நன்றாகப் பட்டுத்தான் கற்றது. நீலநாக்கு என்றால் இமிகோலா, இமிகோலா என்றால் மத்தியதரைக் கடலோர வெப்பம், வடக்கே பயமில்லை என்று இருந்தார்கள். 2006 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்றிலும் நோய் கிளம்பியது. அங்கே இமிகோலா கிடையாது. உள்ளூர் இனங்களான ஆப்சலீட்டஸ் குழுவும் டெவுல்ஃபியும் வைரஸைச் சுமந்தன. பிறகு 2011ல் ஆடு மாடுகளைத் தாக்கும் ஷ்மாலென்பெர்க் வைரஸ் வந்தபோதும் அதே உள்ளூர்க் கூட்டம்தான்.

அந்த ஆப்சலீட்டஸ் குழு வகைப்பாட்டாளருக்குத் தலைவலி. ஆப்சலீட்டஸ், ஸ்காட்டிகஸ் இரண்டின் ஆண்களைப் பிறப்புறுப்பு வைத்துப் பிரித்துவிடலாம். பெண்களைப் பிரிப்பது மிகக் கடினம். கடிப்பதோ பெண் மட்டும்! அதனால் பல கணக்கெடுப்புகளில் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டார்கள்.

கியூலிகாய்ட்ஸ் பேரினத்தில் மட்டும் 1,300க்கு மேல் இனங்கள், முப்பதுக்கு மேல் துணைப்பேரினங்கள். இதில் அவரிட்டியா என்ற துணைப்பேரினத்தில் இமிகோலாவும் இருக்கிறது, ஆப்சலீட்டஸும் இருக்கிறது. இரண்டும் நோய் பரப்புவதால் இந்தத் துணைப்பேரினமே அப்படித்தான் என்று ஒரு எண்ணம் பரவியது. மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் இந்த இரண்டு கூட்டமும் ஒரே கிளையா என்றே கேட்கிறார்கள். என் கருத்து: துணைப்பேரினத்தை இறுக்கமான உறவுமுறையாக நம்பாதீர்கள். வசதிக்காகக் கட்டிய பெட்டிகள் பல அதில் உண்டு, எந்தப் பெட்டியிலும் அடங்காத இனங்களும் உண்டு.

#7 மரபுக்குறி

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் இறகைப் பிய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ஒரு காலை மட்டும் எடுத்து சிஓஐ மரபணுவின் 658 எழுத்துப் பகுதியைப் படித்தால் பெயர் வந்துவிடும். ஆப்சலீட்டஸ், ஸ்காட்டிகஸ் பெண்களை அப்படித்தான் இப்போது பிரிக்கிறார்கள். முட்டை, புழு, பாதி தின்ற உடல் எதுவாக இருந்தாலும் சரி. வயிற்றில் உள்ள இரத்தம் ஆட்டினுடையதா, மாட்டினுடையதா என்பதையும் அதே ஆய்வுக்கூடத்தில் பார்த்துவிடலாம். வைகைக்கரை, உங்கள் ஆய்வுக்காலத்தை நுண்ணோக்கியில் செலவழிக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை.

#8 சிறகுநரம்பு

> ஒரு காலை மட்டும் எடுத்து … படித்தால் பெயர் வந்துவிடும்.

எங்கிருந்து வரும் சார் அந்தப் பெயர்? தரவுத்தளத்தில் முன்பே யாரோ ஒருவர் அந்த வரிசைக்கு ஒட்டிய பெயர்தான் திரும்ப வரும். அவர் தவறாக ஒட்டியிருந்தால் தவறுதான் பெருகும்.

ஷுல்ட்ஸி குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகைக்கரை கேட்டதும் அதுதான். 1908ல் எண்டர்லைன் ஆப்பிரிக்கப் பூச்சிக்கு ஷுல்ட்ஸி என்று பெயர் வைத்தார். பிறகு அதே மாதிரி இறகுள்ள எல்லாவற்றையும், ஆசியாவில் கிடைத்தவை உட்பட, அந்தப் பெயரிலேயே எழுதிவந்தார்கள். குழுவை 1994ல் கோர்னே, பிரூன் இருவரும் மறுபடி ஆராய்ந்தபோது பல இனங்கள் என்று உறுதியானது. இந்தியாவின் பழைய ஷுல்ட்ஸி பதிவுகள் பெரும்பாலும் ஆக்ஸிஸ்டோமா. ஆக, பழைய கட்டுரைகளில் வரும் ஷுல்ட்ஸியை அப்படியே எடுத்தாளாதீர்கள் தங்கச்சி. துணைப்பேரினம் ரெம்மியா என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்பது. ஓயிகாக்டாவில் முன்பு போட்டிருந்தார்கள்.

இப்போது அந்த ஆக்ஸிஸ்டோமாவும் ஒரே இனமா என்ற ஐயம் வந்திருக்கிறது. வெவ்வேறு நாட்டு மாதிரிகளின் மரபணு வரிசைகள் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகி நிற்கின்றன. சரி, இரண்டு மூன்று இனங்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவற்றில் எது உண்மையான ஆக்ஸிஸ்டோமா? கீஃபர் கல்கத்தாவிலிருந்து வந்த பூச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார். அந்த மாதிரியோடு, அது இல்லையென்றால் அந்த ஊரிலிருந்து புதிதாகப் பிடித்த பூச்சியோடு ஒப்பிட வேண்டும். கீஃபரின் மாதிரிகள் பல இன்று கிடைப்பதில்லை. இந்த வேலையை இயந்திரம் செய்யாது. இறகின் வெண்புள்ளி எங்கே இருக்கிறது, விந்துப்பை எத்தனை, வாயருகே உள்ள உணர்குச்சியின் மூன்றாவது கணுவில் குழி ஆழமா அகலமா என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

மரபணு வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள், மீதி உடலைத் தகட்டில் ஏற்றிவையுங்கள், இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவரின் பெயரை நான் நம்ப மாட்டேன்.

#9 மரபுக்குறி

உடலைக் காப்பாற்றி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. உடலை முழுதாக அரைத்துவிடும் முறையைத்தான் பலர் பின்பற்றுகிறார்கள், அதைக் கைவிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே இரவில் ஒரு பொறியில் ஆயிரக்கணக்கில் விழும்போது எல்லாவற்றையும் தகட்டில் ஏற்ற யாருக்கு முடியும்? இறகின் வடிவத்தை வைத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் சிலவற்றை மட்டும் இரண்டு வழியிலும் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

#10 தென்னந்தோப்பு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு இடையில் கோகோ வைத்திருக்கிறோம். இந்த இழையில் எல்லோரும் நோய் பற்றியே பேசுவதால் ஒரு வார்த்தை. கோகோப் பூ மிகச் சிறியது. மகரந்தப்பை இதழின் குழிவுக்குள் ஒளிந்திருக்கும், மகரந்தம் பிசுபிசுப்பு, காற்றில் பறக்காது. தேனீ உள்ளே நுழைய இடமில்லை. ஃபார்சிபோமயியா மாதிரிப் பொடிக்கொசுக்கள்தான் உள்ளே புகுந்து வெளியே வரும்போது முதுகில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகின்றன. பூக்களில் மிகச் சிலதான் காயாகின்றன, அதுவும் இந்தப் பூச்சியை நம்பித்தான்.

அதனால் தோப்பைத் துப்புரவாகக் கூட்டிவிட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். உடைத்த கோகோ ஓட்டையும் வெட்டிய வாழைத்தண்டையும் நிழலில் மட்கவிட்டால் அதில் இவை வளரும். பொடிக்கொசு என்றதும் மருந்து அடிக்கச் சொன்னால் எங்கள் விளைச்சல்தான் போகும்.

#11 மேய்ச்சல்நிலம்

தென்னந்தோப்பு அய்யா, அருமையான தகவல். இதிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. தென் அமெரிக்காவில் அதே கோகோ ஓட்டுக் குவியலிலும் அழுகும் வாழைத்தண்டிலும் கியூலிகாய்ட்ஸ் பாரயென்சிஸ் என்ற இனமும் வளர்கிறது. மனிதருக்கு ஓரபூச்சே காய்ச்சலைப் பரப்புவது அதுதான். 1955ல் டிரினிடாடில் முதலில் கண்டறிந்த வைரஸ். 2024ல் பிரேசில், கியூபா என்று பரவி 10,000க்கும் மேற்பட்டவர்களுக்கு உறுதியானது. ஒரே குவியலில் மகசூல் கொடுக்கும் பூச்சியும் காய்ச்சல் கொடுக்கும் பூச்சியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன. பாரயென்சிஸ் அமெரிக்கக் கண்டத்து இனம், உங்கள் தோப்புக் குவியலைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே இருப்பவர்கள்தான் இரண்டையும் பிரித்தறிந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

#12 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. என் பொறியில் கியூலிகாய்ட்ஸ் அல்லாதவையும் நிறைய விழுகின்றன. சிலவற்றின் தொடை தடித்து முள் வைத்திருக்கிறது. இவை என்ன செய்கின்றன?

#13 சிறகுநரம்பு

வேட்டைக்காரிகள்! இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முள் வைத்த தொடை இரையைப் பிடித்துக்கொள்ள. ஆண் கைரோனோமிட்கள் கூட்டமாகப் பறக்கும்போது உள்ளே புகுந்து ஒன்றைப் பிடித்து, குத்தி, உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடிக்கும். சில இனங்களில் பெண், புணர்ந்துகொண்டிருக்கும் தன் ஆணையே தலையில் குத்தி உறிஞ்சிவிடும். ஆணின் பிறப்புறுப்பு மட்டும் உடைந்து பெண்ணின் உடலில் ஒட்டியிருக்கும். பொறியில் விழுந்த பெண்களின் வால்நுனியைப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்.

ஃபார்சிபோமயியாவில் சில, தும்பியின் இறகு நரம்பில் வாயைச் செருகி நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே பறக்கும். கம்பளிப்புழுவைக் கடிப்பவையும் உண்டு. கியூலிகாய்ட்ஸ் அனோஃபெலிஸ் இன்னும் ஒரு படி மேலே. இரத்தம் குடித்து வயிறு உப்பிய கொசுவின் மேல் ஏறி, அதன் வயிற்றைக் குத்தி, அந்த இரத்தத்தைக் குடிக்கும். இது இந்தியாவிலும் உண்டு.

பழமையைப் பற்றியும் ஒரு சொல். லெபனான் நாட்டு அம்பர் பிசினில் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பொடிக்கொசுக்கள் கிடைத்திருக்கின்றன. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் காம்பே அம்பரிலும், ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தையவை, நிறையவே உள்ளன. ஆஸ்ட்ரோகொனாப்ஸை 1958ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் உயிரோடு இருக்கும் பூச்சியாக விவரித்தார்கள். அதே பேரினத்தின் பழைய உறவினர்கள் பின்னர் அம்பரில் வந்தன. டைனோசர் காலத்தில் பல இடங்களில் இருந்த வம்சம் இன்று அந்த ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

#14 கிடைக்காரன்

டாக்டர், நீங்கள் சொன்னது புரிந்தது. எங்கள் கிடை வருடத்துக்குப் பல ஊர் மாறும். அப்படியென்றால் ஒவ்வோர் ஊரிலும் வேறு இனம் இருக்குமா? இப்போதைக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

#15 மேய்ச்சல்நிலம்

இருக்கும் தம்பி. குளத்தங்கரை வயலில் கிடை போட்டால் ஆக்ஸிஸ்டோமா கூடும், மாட்டுத் தொழுவம் ஒட்டிப் போட்டால் வேறு கலவை வரும். மாட்டுக்கு நோய் பெரும்பாலும் வெளியில் தெரியாது, இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அதனால் மழைக்காலத்தில் செம்மறிக் கிடையை மாட்டுக் கொட்டகையிலிருந்தும் சேற்றுக் கரையிலிருந்தும் தள்ளி மேட்டில் போடுங்கள். இவை காற்றடிக்கும் இடத்தில் பறக்கச் சிரமப்படும். அந்தியிலும் விடியலிலும்தான் கடி அதிகம். சாதாரணக் கொசுவலையின் கண் இவற்றுக்கு வாசல் மாதிரி, அதை நம்ப வேண்டாம். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவதுதான் முதல் வேலை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

வைகைக்கரை, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவர் கிடை போடும் ஊர்களில் சிலவற்றில் பொறி வைக்க முடியுமா? பெண் பூச்சிகளின் வயிற்றைப் பார்த்து, செந்நிறம் படிந்தவற்றைத் தனியே எண்ணுங்கள். முட்டையிட்டு முடித்த பூச்சி என்பதற்கு அடையாளம் அந்த நிறம். முன்பு இரத்தம் குடித்தது அதுதான், வைரஸ் இருந்தாலும் அதில்தான் இருக்கும். குப்பிக்குள் போடும் சீட்டில் ஊர், தேதி, பொறிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த விலங்கு, தண்ணீர் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

#16 வைகைக்கரை

வைக்கிறேன் டாக்டர். கிடைக்காரன் அண்ணா, உங்கள் கிடை அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று தனிமடலில் சொல்லுங்கள். பெரிக்ரினஸ் போலத் தெரியும் சில இறகுகளைப் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுகிறேன், சிறகுநரம்பு அண்ணாவும் மரபுக்குறி சாரும் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்களைத் தனிக் குப்பியில் எடுத்து வைத்துவிட்டேன்.